ஓடுகிற பிள்ளையைப் படிக்க வைப்பதும், படிக்கிற பிள்ளையை ஓட வைப்பதும்

கணியம்பாடி பக்கம் ஓர் ஏரிக்குள்ளே விடியற்காலையில் பையன்களை ஓட விடுகிறேன். ஹவில்தாராகப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவன். பென்ஷன் வருகிறது, இதற்கென்று யாரிடமும் காசு வாங்குவதில்லை. அதனால் எந்த அப்பா அம்மாவிடமும் மனதில் பட்டதைச் சொல்ல முடிகிறது.

என்னிடம் இரண்டு வகைப் பெற்றோர் வருவார்கள். ஒருவர் பையனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, "சார், இவனுக்குப் படிப்பு ஏறல. உடம்பு மட்டும் நல்லா இருக்குது. நீங்களே பாத்து மிலிட்டரியில சேத்து வுட்டுடுங்க" என்பார். இன்னொருவர், பெரும்பாலும் அம்மா, பையனைத் திரும்பக் கூட்டிப் போக வருவார். "பத்தாவது வந்துட்டான் சார். நல்லா படிக்கிற புள்ள. பரீட்சை முடியற வரைக்கும் கிரவுண்டு வேணாம்." கேட்டால் இருவரும் நேர் எதிராகப் பேசுவதுபோல இருக்கும். ஆனால் ரெண்டு பேர் மனதிலும் இருக்கிற நம்பிக்கை ஒன்றுதான்: ஒரு பிள்ளைக்கு உடம்பு, இல்லையென்றால் மூளை, ஏதோ ஒன்றுதான் வாய்க்கும்.

எங்கள் ஊர்ப் பக்கம் இந்த நம்பிக்கை ஊறிப்போனதில் ஆச்சரியம் இல்லை. வேலூரில் ஒரு பக்கம் 1900-ல் தொடங்கிய சி.எம்.சி., ஆற்றைத் தாண்டினால் காட்பாடியில் விஐடி. பிள்ளை டாக்டர், இல்லாவிட்டால் இன்ஜினியர் என்று கனவு காணக் காரணம் கண்ணெதிரிலேயே நிற்கிறது. இன்னொரு பக்கம் எங்கள் கம்மவான்பேட்டை. அதை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீடு அங்கே அபூர்வம். சத்துவாச்சாரியில் பளு தூக்கும் பையன்கள். ஆக, அஞ்சாவது படிக்கும்போதே பிள்ளையை இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று பிரித்துவிடுகிறோம். பிரித்த பிறகு அவனும் அதற்கேற்ற மாதிரிதான் வளர்கிறான்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து போலீஸ், பட்டாளத் தேர்வு எழுதும் வயது வரை பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். ரெண்டையும் சேர்த்து நடத்த என்ன செய்யலாம், எந்த வரிசையில் செய்யலாம் என்பதுதான் விஷயம்.

முதல் வேலை, வீட்டில் வாயைக் கட்டுவது. "உடம்பு வளந்த அளவுக்குப் புத்தி வளரல", "ஓடி இன்னாத்த கிழிக்கப் போற", "சோடாபுட்டி", "காத்தடிச்சா பறந்துடுவான்": இந்த நாலு வாக்கியத்தையும் ஒரு மாதத்துக்கு யாரும் சொல்லக் கூடாது. பாட்டியும் சேர்த்துத்தான். ஆடி மாதம் கூழ் ஊற்றும் அன்று உறவுக்காரர்கள் வருவார்கள், அப்போது கஷ்டம். மாமா ஒருத்தர் படிக்கிற பிள்ளையைப் பார்த்து, "இன்னாடா மார்க்கு?" என்று கேட்பார். அப்பா குறுக்கே புகுந்து, "மார்க்கு நல்லாத்தான் இருக்குது மச்சான், இப்ப நாலு கிலோமீட்டர் நிக்காம ஓடுறான், அதக் கேளு" என்று சொல்ல வேண்டும். ஓடுகிற பிள்ளை என்றால் அவன் போட்ட கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது நடிப்பு மாதிரி இருக்கும், பரவாயில்லை. தன் காது கேட்க அப்பா தன்னை எப்படிச் சொல்கிறார் என்பதைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

அடுத்தது, தேர்வு விதிகளைப் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். நான் பத்து தடவை சொல்வதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

"மிலிட்டரிக்குப் படிப்பு எதுக்கு?" என்ற பேச்சு காலாவதியாகிவிட்டது. 2023-லிருந்து அக்னிவீர் ஆள்சேர்ப்பில் முதலில் கம்ப்யூட்டரில் எழுத்துத் தேர்வு, அதில் தேறியவர்களுக்குத்தான் ஓட்டம். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 வினாடிக்குள் ஓடினால் 60 மதிப்பெண், 10 புல்-அப் எடுத்தால் 40. ஆனால் அந்த மைதானத்துக்குள் கால் வைக்கவே முதலில் மவுஸைப் பிடித்து ஜெயிக்க வேண்டும். காற்றாய்ப் பறக்கிற பையன்கள் எத்தனையோ பேர் அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

தமிழ்நாடு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்த் தகுதித் தேர்வு ஒன்று தனியாக, தேறினால் போதும். மீதி 100-ல் எழுத்துத் தேர்வுக்கு 70, உடல்திறனுக்கு 24, என்.சி.சி., விளையாட்டு மாதிரிச் சான்றிதழ்களுக்கு 6. எழுத்தில் நல்ல மார்க் வாங்குகிற பையனுக்கும் தப்பிக்க வழி கிடையாது. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அந்த 24-க்குப் போட்டி போடவே விட மாட்டார்கள். 7 நிமிடம் என்பது பெரிய வேகம் ஒன்றும் இல்லை. 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 1 நிமிடம் 52 வினாடி. மூன்று மாதம் ஒழுங்காக வந்தால் சுமாரான உடம்புக்காரனும் ஓடிவிடலாம். புத்தகத்தை விட்டு எழுந்திருக்காமல் இருந்தவன் இங்கேதான் விழுகிறான்.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

ஓடுகிற பிள்ளைக்கு ஒரு கோடு போட்ட நோட்டு

"படிப்பு ஏறல" என்று சொல்லப்பட்ட பையன் வந்தால் நான் அவனிடம் பாடப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஒரு நோட்டு வாங்கி வரச் சொல்வேன். தேதி, ஒவ்வொரு சுற்றின் நேரம், மொத்த நேரம், ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினான், என்ன சாப்பிட்டு வந்தான். இதை அவன் கையாலேயே எழுத வேண்டும். நான் நேரம் மட்டும் கத்துவேன், எழுதித் தர மாட்டேன்.

அதற்கு முன்னால் தடத்தையும் அவர்களே அளக்கிறார்கள். ஏரிக்குள் 400 மீட்டர் ட்ராக் எங்கே இருக்கிறது? 50 மீட்டர் டேப்பை வைத்து 200 மீட்டருக்கு ஒரு சுற்று போட்டு, சுண்ணாம்புப் பொடியால் கோடு இழுப்போம். 1600 மீட்டருக்கு எத்தனை சுற்று, 1500-க்கு எத்தனை, அந்த அரைச் சுற்று எங்கே முடியும் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். முதல் நாள் தப்புத் தப்பாகச் சொல்வார்கள். தப்பாகச் சொன்னால் 100 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டி வரும் என்பதால் ரெண்டாம் நாள் சரியாகிவிடும்.

ஓட்டத்தில் கணக்கு எங்கே வருகிறது என்று பாருங்கள். 5 நிமிடம் 30 வினாடி என்றால் 330 வினாடி. நாலு 400 மீட்டருக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்கு 82.5. ஒரு பையன் முதல் 400-ஐ 76-ல் ஓடுவான், கூட நிற்பவர்கள் விசில் அடிப்பார்கள். அடுத்தது 80, அடுத்தது 87, கடைசி 95. கூட்டினால் 338, அதாவது 5 நிமிடம் 38. எட்டு வினாடியில் 60 மதிப்பெண் 48 ஆகிப்போச்சு. முதல் 400-ல் 6.5 வினாடி முந்திக்கொண்டவன் கடைசி 400-ல் மட்டும் 12.5 வினாடியைப் பறிகொடுத்திருக்கிறான். இதை நான் சொல்லக் கூடாது. அவனே கரையில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே கழித்துப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் தசம எண் வராது என்றவன் ஸ்டாப்வாட்சில் வரும் தசமத்தைப் பிழையில்லாமல் படிக்கிறான். ஒரு நிமிடத்தை 60 வினாடியாக மாற்றிக் கழிக்கும் கணக்கும் தானாக வந்துவிடும்.

ஒரு மாத எண்கள் சேர்ந்ததும் கட்டம் போட்ட தாளில் வரைபடம் போடச் சொல்லுங்கள். கோடு எங்கே மேலே ஏறுகிறதோ அந்த நாளுக்கு நேரே தூக்கக் கட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி ஒரு மணி வரை போன் பார்த்த நாள் எது என்று அந்தத் தாளே காட்டிக்கொடுத்துவிடும். அப்பா திட்டத் தேவையில்லை.

உடம்பு வேலை செய்கிறவனுக்கு மூளை வேலை செய்யாது என்று இன்னும் நினைப்பவர்கள் பளு தூக்கும் போட்டி ஒன்றைப் போய்ப் பாருங்கள். நம்ம சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்சில் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-ல் கோல்டு கோஸ்டில் மறுபடியும் தங்கம். ஒவ்வொரு வகையிலும் மூன்றே வாய்ப்பு. பாரில் ஏற்றிய எடையைக் குறைக்க முடியாது. எதிராளி எவ்வளவு கேட்டிருக்கிறான், நம் உடம்பில் இன்று எவ்வளவு மிச்சம், எந்த எண்ணில் ஆரம்பிப்பது என்று அங்கே நடப்பது முழுக்கக் கணக்கு.

நோட்டு பழகியதும் படிப்பை நுழைக்கலாம். ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவே மூச்சு வாங்க நிற்கிற நேரத்தில் ரெண்டு கேள்வி. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளிப் புத்தகங்களில் இருந்துதான், காவலர் தேர்வுக்கும் அதுவே அடித்தளம். நேற்று படித்ததை இன்று புத்தகம் பார்க்காமல் சொல்ல வேண்டும், மூன்று நாள் கழித்து மறுபடியும் கேட்பேன். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எடுத்தால்தான் மனதில் நிற்கிறது. வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டதும் 20 நிமிடம் உட்கார்ந்தால் போதும். அடுத்த வாரம் 25, அதற்கடுத்த வாரம் 30. முதல் நாளே மூன்று மணி நேரம் உட்கார வைக்கிற அப்பாவிடம், முதல் நாளே பையனைப் பத்து கிலோமீட்டர் ஓடச் சொல்வீர்களா என்று கேட்பேன்.

இதில் வெளியே யாரும் சொல்லாத ஒரு சங்கதி உண்டு. ஓடத் தெரிந்த பையன்களில் சிலருக்குத் தமிழையே தடங்கல் இல்லாமல் வாசிக்க வராது. எங்கோ மூன்றாவது நாலாவதில் விட்டுப்போய், அப்புறம் யாரும் கவனிக்காமல் மேலே தள்ளிவிட்டிருக்கிறார்கள். இவனுக்கு நாலாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், தங்கச்சி தம்பி இல்லாத இடத்தில். அவமானம் இல்லை என்று தெரிந்தால் வேகமாகப் பிடித்துக்கொள்வான்.

படிக்கிற பிள்ளைக்கு

இங்கே தடை உடம்பில் இல்லை, வெட்கத்தில் இருக்கிறது. நல்ல மார்க் வாங்கிப் பழகியவன் ஒரு இடத்தில் கடைசியாக வருவதைத் தாங்க மாட்டான். அதனால் முதல் மூன்று வாரம் ஸ்டாப்வாட்ச் கூடாது, பெரிய பையன்களோடு சேர்த்து விடவும் கூடாது. ஒரு நிமிடம் ஓட்டம், ரெண்டு நிமிடம் நடை, இப்படி 20 நிமிடம், வாரம் நாலு நாள். ஓடும்போது பக்கத்தில் இருப்பவனோடு பேச முடிய வேண்டும், பேச முடியாவிட்டால் வேகம் அதிகம். வாரா வாரம் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டி, நடையைக் குறையுங்கள். எட்டு வாரத்தில் 20 நிமிடம் நிற்காமல் ஓடுவார்கள், பெரும்பாலானவர்கள்.

தண்டால் முதலில் சுவரில் கை வைத்து, பிறகு திண்ணையில், பிறகு தரையில். புல்-அப் வராதவன் பாரைப் பிடித்துத் தொங்கினால் போதும். 30 வினாடி தொங்க வந்ததும் எம்பி மேலே போய், எண்ணிக்கொண்டே மெதுவாகக் கீழே இறங்கட்டும். இறங்குவதில் வருகிற பலம்தான் ஏறவும் உதவும்.

வீசிங் உள்ள பிள்ளை, ஓடும்போது நெஞ்சு வலி, மயக்கம் என்று சொல்லும் பிள்ளை, இவர்களை டாக்டரிடம் காட்டாமல் கூட்டி வராதீர்கள். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும். வெயிலில் ஒருவனுக்கு உடம்பு சிலிர்க்கிறது, தலை சுற்றுகிறது என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். நிழலில் உட்கார வைத்து, தண்ணீர் ஊற்றி, விசிறி விடுங்கள். பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு.

அம்மாக்கள் கேட்பது: "ஓடினா களைச்சிப் போயி தூங்கிடுவான் சார், எப்ப படிப்பான்?" தூங்கட்டுமே. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. நாலு மணிக்கு எழுப்பி, ட்யூஷன், பள்ளிக்கூடம், மறுபடி ட்யூஷன், ராத்திரி பதினொன்றரை வரை விளக்கு என்று ஓட்டுகிற வீடுகளில் பையன் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவே. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடம்பு அசைய வேண்டும் என்கிறது. அறுபதும் ஒரே நேரத்தில் வர வேண்டாம். பதினோராம் வகுப்பில் அரசு தருகிற இலவச சைக்கிள் பல வீடுகளில் சித்தப்பா பால் ஊற்றப் போகிறதற்கு ஆகிவிட்டது. அதை வாங்கி மறுபடி பிள்ளையிடம் கொடுங்கள். பள்ளிக்கூடம் போய் வருவதிலேயே பாதி நேரம் தேறிவிடும்.

நம்பாத அம்மாவுக்காக ஒரு ஆய்வு. 2011-ல் அமெரிக்காவில் வெளியானது. 120 முதியவர்களில் ஒரு பாதி வாரம் மூன்று நாள் நடந்தார்கள், மறு பாதி கை காலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தார்கள். ஒரு வருடம் கழித்து ஸ்கேன் எடுத்ததில், நடந்தவர்களுக்கு நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி ஏறக்குறைய 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது. பத்தாவது பையன்களிடம் செய்த ஆய்வு இல்லை இது, பாட்டி தாத்தாக்களிடம் செய்தது. அதனால் இதைக் காட்டி முதலில் வீட்டுப் பெரியவர்களை நடக்க வையுங்கள் என்பேன். கரையில் பைக்கை நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்து போன் பார்க்கிற அப்பாக்களுக்கும் சேர்த்துத்தான்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஆறு வாரத்தில் உடம்பு ஏறும் என்று விற்கிற டப்பாவும் வேண்டாம், ஜிம்மில் யாராவது ஊசி என்று பேச்செடுத்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். நம்ம மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், 100 கிராமுக்குச் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு கைப்பிடி ஊற வைத்து, ரெண்டு முட்டை, மத்தியானம் கேழ்வரகுக் களியோடு கீரை அல்லது கருவாட்டுக் குழம்பு. ஓடுகிறவனுக்கும் படிக்கிறவனுக்கும் ஒரே தட்டுதான். "நீ ஓடுற, உனக்கு முட்டை. அவன் சும்மா உக்காந்து படிக்கிறான்" என்று பிரிக்கிற வீட்டையும் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியட் காணாமல் போவது எல்லோருக்கும் தெரியும். பரீட்சை நெருங்கினால் கணக்கு, அறிவியல் எல்லாம் அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளும். வாசலில் நின்று சத்தம் போட்டுப் பயனில்லை. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை. கூட்டத்தில், "ஐயா, டைம் டேபிள்ல இருக்கிற பி.டி. பீரியடு வாரத்துல எத்தனை நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்று மரியாதையாகக் கேட்டுத் தீர்மான நோட்டில் எழுத வையுங்கள். மூன்று அம்மாக்கள் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

பெண் பிள்ளைகள்

இவர்களுக்கு ரெண்டு பக்கமும் அடி. நல்லா படித்தால், "ஓடி இன்னா ஆகப்போவுது?" நல்லா ஓடினால், "வயசுக்கு வந்த பொண்ணு ரோட்டுல ஓடுதே." அறிவுரை சொல்லி இதை மாற்ற முடிந்ததில்லை, ஏற்பாடு செய்தால் மாறுகிறது. ஒரே தெருவில் நாலு பெண்களாகச் சேர்க்க வேண்டும், தனியாக ஒருத்தி என்றால் ரெண்டே வாரத்தில் நின்றுவிடுவாள். நாலு அம்மாக்களில் ஒருத்தர் முறை வைத்துக் கூட வர வேண்டும், வந்தவர் நடக்க வேண்டும். லூசான ட்ராக் பேன்ட், முழங்கை வரை டி-ஷர்ட் என்று வீட்டில் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள், பாதி எதிர்ப்பு அங்கேயே போய்விடும். மாதவிடாய் நாட்களில் அவளுக்கு முடிந்தால் ஓடட்டும், முடியாவிட்டால் நடக்கட்டும், அதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். சீக்கிரம் மூச்சு வாங்குகிறது, முகம் வெளிறுகிறது என்றால் சோம்பேறி என்று சொல்லாதீர்கள், ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு தடவை தருகிற இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியாகத் தூக்கிப் போடாமல் விழுங்கச் சொல்லுங்கள்.

காவலர் தேர்வில் பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 வினாடி. இந்த எண்ணை அப்பாக்களிடம் சொன்னால், "அவ்வளவுதானா?" என்பார்கள். நீங்கள் ஒரு சுற்று ஓடிக் காட்டுங்கள் என்பேன்.

பரீட்சை மாதத்தில்

மாசி பிறந்ததும் எல்லோரும் ஒரேயடியாக நிறுத்துகிறார்கள், அது வேண்டாம். வாரம் ஆறு நாள் வந்தவன் மூன்று நாள் வரட்டும், 20 நிமிடம் போதும். நேரம் எடுக்க வேண்டாம், புதுப் பயிற்சி எதுவும் ஆரம்பிக்க வேண்டாம். பரீட்சை அன்று காலையில் தெருவை ரெண்டு தடவை சுற்றி நடந்துவிட்டுப் போகலாம். கபடி மேட்ச் மட்டும் கடைசிப் பரீட்சை முடியும் வரை கூடவே கூடாது. பிடிக்கும்போது எழுதுகிற கையில் விரல் பிசகினால் மூன்று வாரம் பேனா பிடிக்க முடியாது.